கூண்டும் அமிலமும் ஒரே கலனில்

வேதித் தொழிற்சாலைகளில் நடைபெறும் வினைகளில் பெரும்பகுதி ஏதேனும் ஓர் அமிலத்தின் துணையோடுதான் நடக்கிறது. ஆல்கஹாலும் கரிம அமிலமும் இணைந்து எஸ்டர் ஆவதற்கும், மெத்தனாலிலிருந்து நீர் நீங்கி டைமெத்தில் ஈதர் உருவாவதற்கும், பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் நீரை இழந்து பிளாஸ்டிக் தயாரிப்புக்கு மூலப்பொருளாகத்தக்க ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூராலாக மாறுவதற்கும் தேவைப்படுவது ஒன்றே: வினைபடும் மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானை, அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுவை, வழங்கிவிட்டு, வினை முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பொருள். இந்த வேலையைக் கந்தக அமிலம் மலிவாகச் செய்துவிடும். ஆனால் அது விளைபொருளோடு ஒரே திரவமாகக் கலந்து நிற்பதால், அதைப் பிரிப்பதற்குக் காரம் சேர்த்து நடுநிலையாக்க வேண்டியிருக்கிறது. அதனால் உப்புக் கழிவு குவிகிறது. இதற்கிடையே கலன்களும் குழாய்களும் அரிக்கப்படுகின்றன. வடிகட்டி எடுத்து மறுபடியும் பயன்படுத்தத்தக்க திண்ம அமிலம் ஒன்றை வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிவருவதற்குக் காரணம் இதுவே.

அந்தத் தேடலில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம். இவ்வகைச் சேர்மங்களின் வரலாறு, சுவீடனின் பெர்சீலியஸ் 1826ஆம் ஆண்டில் பாஸ்பேட்டையும் மாலிப்டேட்டையும் சேர்த்து மஞ்சள் நிற வீழ்படிவு ஒன்றைப் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. எனினும் அவற்றின் உள்ளமைப்பு விளங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1933இல் இங்கிலாந்தில் ஜே. எஃப். கெகின் என்பவர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்த அமைப்பைக் கண்டறிந்தார். நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு நான்கு ஆக்சிஜன்களால் சூழப்பட்டு நான்முகியாக நிற்க, அதைச் சுற்றிப் பன்னிரண்டு டங்ஸ்டன் அணுக்கள், ஒவ்வொன்றும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ எண்முகிகளாக, மும்மூன்றாகச் சேர்ந்து நான்கு தொகுதிகளாக அமைந்து, ஏறத்தாழ உருண்டையான ஒரு கூட்டு அயனியை உருவாக்குகின்றன. கெகின் அயனி என்று இன்று அழைக்கப்படும் இதன் விட்டம் ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேல். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அயனியின் மூன்று எதிர்மின் சுமைகளும் அதன் பரந்த மேற்பரப்பு முழுவதும் பரவிக் கிடப்பதால், அவற்றை ஈடுசெய்யும் மூன்று புரோட்டான்களும் எங்கும் இறுகப் பிடிக்கப்படாமல் தளர்வாக நிற்கின்றன. கந்தக அமிலத்தைக் காட்டிலும் இது வலிமை மிக்க அமிலமாக இருப்பதன் இரகசியம் அந்தத் தளர்வில்தான் இருக்கிறது.

வலிமைக்கு எதிராக வைக்கவேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. நீர் நீங்கிய பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 2880. அதில் முக்கால் பங்குக்கு மேல் டங்ஸ்டனின் எடையே. ஒரு கிராம் அமிலத்தில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமோல் புரோட்டான் மட்டுமே. அதே ஒரு கிராம் கந்தக அமிலத்தில் இருபது மில்லிமோல் இருக்கிறது. எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்த புரோட்டான்களை வைத்துக்கொண்டு வேலை செய்யும் வினையூக்கியில் ஒன்றை இழப்பதும் பேரிழப்பு. இனி வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்களை நினைவில் வைத்திருப்பது பயன்படும்.

இந்த அமிலம் திண்மமாக இருந்தாலும், திண்ம வினையூக்கியாக அப்படியே பயன்படுத்த முடிவதில்லை. நீரிலும் ஆல்கஹாலிலும் எளிதில் கரைந்துவிடுகிறது. கரையாத திரவங்களில் போட்டாலோ, அதன் படிகங்கள் கிராமுக்குப் பத்து சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பையே வெளிக்காட்டுவதால், உள்ளே புதைந்துள்ள பெரும்பாலான அயனிகள் பல வினைபடு மூலக்கூறுகளுக்கு எட்டாமலே போகின்றன. சிலிக்கா போன்ற தாங்கிகளின் மேல் அதைப் படியவைக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. ஆனால் முனைவுத்தன்மை கொண்ட திரவம் பட்டதும் அமிலம் மெல்ல மெல்லக் கழுவப்பட்டுவிடுகிறது. தேவைப்பட்டது, அமிலத்தை ஒவ்வோர் அயனியாகத் தனித்தனியே பிரித்துவைத்து, வினைபடும் சிறு மூலக்கூறுகளை உள்ளே விட்டு, அயனியை மட்டும் வெளியே விடாத ஒரு வீடு.

அத்தகைய வீடாக அமையத்தக்கவை உலோக-கரிமச் சட்டகங்கள். உலோக அயனிகளோ அவற்றின் சிறு தொகுதிகளோ கணுக்களாக நிற்க, கரிம மூலக்கூறுகள் அவற்றுக்கிடையே இணைப்பிகளாக நீண்டு, முப்பரிமாணத்தில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் வெற்றிடங்களை உருவாக்கும் படிகங்கள் இவை. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ராப்சன் 1989இல் முன்வைத்த எண்ணம், ஜப்பானில் சுசுமு கிடகாவாவாலும் அமெரிக்காவில் ஓமர் யாகியாலும் வளர்த்தெடுக்கப்பட்டு, மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. பல்லாயிரக்கணக்கில் இன்று அறியப்படும் இச்சட்டகங்களுள் இந்த அத்தியாயத்துக்கு முதன்மையானவை இரண்டு. ஒன்று, ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1999இல் உருவாக்கப்பட்டு அதன் பெயராலேயே எச்கேயுஎஸ்டி-1 என வழங்கும் செம்புச் சட்டகம். மற்றொன்று, பிரான்சின் வெர்சாய் நகரில் ஜெரார் ஃபெரேயின் குழு 2005இல் அறிவித்த மில்-101 என்னும் குரோமியம் சட்டகம்; பாலியெஸ்டர் தயாரிப்பில் பயன்படும் அதே டெரஃப்தாலிக் அமிலம்தான் இதன் இணைப்பி.

மில்-101இன் உள்ளே இருவகைக் கூண்டுகள் உள்ளன. சிறியவற்றின் உள்விட்டம் 2.9 நானோமீட்டர், பெரியவற்றின் உள்விட்டம் 3.4 நானோமீட்டர், பெரிய கூண்டு ஒன்றுக்குச் சிறிய கூண்டு இரண்டு என்ற விகிதத்தில் அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கூண்டிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழிகளான சாளரங்களும் இருவகைப்படும்: ஐங்கோணச் சாளரத்தின் அகலம் 1.2 நானோமீட்டர், அறுகோணச் சாளரத்தின் அகலம் ஏறக்குறைய 1.6 நானோமீட்டர். சிறிய கூண்டுகளுக்கு ஐங்கோணச் சாளரங்கள் மட்டுமே. பெரியவற்றுக்கு இரண்டும் உண்டு. ஃபெரேயின் குழு தன் முதல் கட்டுரையிலேயே இந்தக் கூண்டுகளுக்குள் கெகின் வகை அயனிகளைப் புகுத்திக் காட்டி, பெரிய கூண்டு ஒன்றில் ஐந்து அயனிகள் வரை இடம்பெறக்கூடும் என்று கணக்கிட்டது. பின்னர் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் அந்தச் சில வரிகளே வித்தாயின.

அமிலத்தை உள்ளே சேர்க்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சட்டகத்தைத் தனியே வளர்த்துத் தூய்மை செய்துகொண்டு, அமிலக் கரைசலில் ஊறவைப்பது. இது எளிது, சட்டகம் நன்றாக உருவாகியிருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளலாம், அமிலமும் கடுமையான வெப்பத்துக்கு ஆளாவதில்லை. ஆனால் கெகின் அயனி அறுகோணச் சாளரம் வழியாகத்தான் தடையின்றி நுழைய முடியும். ஐங்கோணச் சாளரம் ஏறக்குறைய அதன் பருமனுக்கே சமமானது. ஆகவே எண்ணிக்கையில் அதிகமான சிறிய கூண்டுகள் காலியாகவே நிற்க, அமிலம் முழுவதும் பெரிய கூண்டுகளில் நெருங்கி அமர்கிறது. அதைவிட முக்கியமானது, நுழைந்த வழியே வெளியேறவும் வழி இருக்கிறது என்பது. சட்டகத்தின் சுவர்களுக்கும் அயனிக்கும் இடையிலுள்ள மின்கவர்ச்சி ஓரளவு பிடித்துவைத்தாலும், முனைவுத்தன்மை மிக்க கரைப்பானில், உப்புகளும் உடன் இருக்கும்போது, அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இரண்டாவது வழியில், சட்டகம் உருவாகும் கலவையிலேயே அமிலமும் சேர்க்கப்படுகிறது. உலோகமும் இணைப்பியும் அமில அயனியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கின்றன. கோயில் தூண்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை விரலால் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: பல்லிடுக்கைவிடப் பெரிய அந்த உருண்டை வெளியிலிருந்து உள்ளே போடப்பட்டதல்ல, அங்கேயே உருவானது, ஆகவே அது உருளும், ஆனால் வெளியே வராது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் காப்டைன், காஸ்கோன் ஆகியோரின் குழு 2010இல் இந்த ஒருகலன் முறையில் மில்-101ஐத் தயாரித்து, அமிலம் இருவகைக் கூண்டுகளிலும் பரவியிருப்பதைக் காட்டியது. ஊறவைத்தலால் எட்ட முடியாத சிறிய கூண்டுகளுக்குள் அமர்ந்த அயனிக்கு வெளியேறும் வழி இல்லை.

ஒருகலன் முறை கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அதன் கடினம் அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. சட்டகம் படிகமாவதற்கு ஏற்ற சூழலும் அமிலம் சிதையாமலிருப்பதற்கு ஏற்ற சூழலும் தனித்தனியே வரையறுக்கப்பட்டவை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் சில வேளைகளில் அகலமாகவும், பல வேளைகளில் மிகக் குறுகியதாகவும், சில வேளைகளில் இல்லாமலும் இருக்கிறது. வெப்பநிலை, நேரம், கரைப்பான், உலோக உப்பு, சேர்க்கும் வரிசை என்று ஆய்வுக் குறிப்பேட்டில் வெறும் விவரங்களாகப் பதியப்படுபவையே, அமிலம் எங்கே அமர்கிறது, எத்தனை புரோட்டான்களோடு அமர்கிறது, எவ்வளவு காலம் அங்கே தங்குகிறது என்ற மூன்றையும் முடிவுசெய்கின்றன.

மில்-101 உருவாகும் கலனைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டெஃப்ளான் உறையிட்ட எஃகுக் கலனில் நீர், குரோமியம் நைட்ரேட், டெரஃப்தாலிக் அமிலம், சிறிதளவு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஆகியவற்றை இட்டு மூடி, 220 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வைத்திருப்பது மூல முறை. இவ்வளவு வெப்பம் தேவைப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: டெரஃப்தாலிக் அமிலம் சாதாரண வெப்பநிலையில் நீரில் அநேகமாகக் கரைவதே இல்லை, குரோமியமோ தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை விட்டுக்கொடுத்து வேறொன்றைப் பற்றிக்கொள்வதில் மிகவும் மந்தமானது. அந்த மந்தமே பின்னர் வரமாகிறது. ஒருமுறை கட்டிய சுவரைக் குரோமியம் எளிதில் கலைப்பதில்லை. நேரத்தை மட்டும் மனம்போல் நீட்ட முடியாது. அதே குரோமியமும் அதே டெரஃப்தாலிக் அமிலமும் மில்-53 என்னும், குறுகிய கால்வாய்களைக் கொண்ட, அடர்த்தி மிகுந்த வேறொரு சட்டகத்தையும் உருவாக்கக் கூடியவை; ஆற்றல் கணக்கில் அதுவே நிலைத்தது என்பதால், அதிக நேரம் வைத்தால் விசாலமான கூண்டுகள் அந்தக் குறுகிய வடிவத்துக்கு இடம்விடத் தொடங்குகின்றன. மைக்ரோவேவ் வெப்பமூட்டலால் ஒரு மணி நேரத்துக்குள் இதே சட்டகத்தைப் பெற முடியும் என்று 2007இல் காட்டப்பட்டது; ஆனால் விரைவில் பிறந்த படிகங்கள் மிகச் சிறியவை.

இந்தக் கலனில் அமிலத்துக்குச் சாதகமாக அமையும் ஒன்று உண்டு. கெகின் அயனி வலுவான அமிலச் சூழலில் மட்டுமே முழு வடிவோடு நிற்கும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் எண் ஏறத்தாழ இரண்டைத் தாண்டி உயர்ந்தால், பன்னிரண்டு டங்ஸ்டன்களுள் ஒன்று கழன்று, குறையுள்ள அயனி ஒன்று எஞ்சுகிறது. மேலும் உயர்ந்தால் முழுவதும் சிதைகிறது. மில்-101 வளரும்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. டெரஃப்தாலிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் சுவரில் சேரும்போது இரண்டு புரோட்டான்களை விட்டுவிட்டுத்தான் சேர்கிறது; அவை நைட்ரேட்டோடு நிற்பதால், வளர்ச்சி முன்னேற முன்னேறக் கரைசலில் நைட்ரிக் அமிலம் கூடுகிறது. அமிலச் சூழலிலேயே கட்டப்படும் சட்டகம் என்பதால்தான் கெகின் அயனி அந்த 220 டிகிரி வெப்பத்தையும் தாண்டிப் பிழைக்கிறது. இந்த ஒத்திசைவை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஆனால் மில்-101 இத்துறையின் முன்மாதிரியாக நிலைபெற்றதில் அதன் பரந்த கூண்டுகளுக்கு எவ்வளவு பங்கோ, இதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பாதகங்களும் அதே கலனில்தான் இருக்கின்றன. குரோமியம் மூன்று நேர்மின் சுமை கொண்ட அயனி. கெகின் அயனியின் எதிர்மின் சுமையும் மூன்று. சட்டகத்தில் சேராமல் மிஞ்சிய குரோமியம் ஒன்று அமில அயனியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டால், மூன்று புரோட்டான்களுக்கும் அங்கே வேலை இல்லாமல் போகும். சட்டகமே இதைவிட நுட்பமாக அமிலத்தைக் குறைக்கிறது. மில்-101இன் கணு ஒவ்வொன்றும் மூன்று குரோமியம் அணுக்கள் ஓர் ஆக்சிஜனைச் சுற்றி அமைந்த தொகுதி. அதன் மிகைச் சுமையான ஒரு நேர்மின்னை வழக்கமாக ஒரு ஃபுளோரைடோ ஹைட்ராக்சைடோ ஈடுசெய்கிறது. கலவையில் கெகின் அயனி இருந்தால், அந்த ஈடுசெய்யும் பணியை அதுவே ஏற்றுக்கொள்ள முடியும். அப்போது அயனி சுவரோடு உறுதியாகப் பிணைக்கப்படுகிறது. ஆனால் சுவரின் சுமைக்கு ஈடாக நின்ற அளவுக்குப் புரோட்டான்களை அது தன்னோடு வைத்திருக்கத் தேவையில்லை. நன்றாகப் பிடித்துவைக்கப்பட்ட அமிலம், பிடித்துவைக்கப்பட்டதாலேயே அமிலத்தன்மையில் குறைந்துபோகும் இந்த நிலை, இத்துறையின் அடிப்படையான சிக்கல். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்குக் கிடைக்கவேண்டிய கவனம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எடை விழுக்காட்டில் எவ்வளவு அமிலம் உள்ளே போயிற்று என்பதே தலைப்புச் செய்தியாகிறது.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பங்கும் இதோடு தொடர்புடையது. ஃபுளோரைடு குரோமியத்தோடு பிணைந்து படிக வளர்ச்சியை நிதானப்படுத்தி, பெரிய, குறைபாடு குறைந்த படிகங்களைத் தருகிறது. அதே சமயம், மேலே கண்ட ஈடுசெய்யும் இடத்துக்குக் கெகின் அயனியோடு அதுவும் போட்டியிடுகிறது. கையாளுவதற்கு மிகவும் அபாயமான இந்த அமிலத்தை விலக்கியே மில்-101ஐயும் அதன் பாஸ்போடங்ஸ்டிக் அமிலக் கலவையையும் தயாரிக்கலாம் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிராம்பெர்க், ஹாட்டன் ஆகியோரின் குழு 2012இல் காட்டியது. ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குச் செல்ல விரும்பும் எந்த முறைக்கும் அது தேவையான அடி.

அமிலம் வெறும் விருந்தாளியாக உள்ளே வந்து அமர்வதில்லை, கட்டடப் பணியிலும் கைகொடுக்கிறது என்பதற்கு எச்கேயுஎஸ்டி-1 தெளிவான சான்று. செம்பு அயனிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பென்சீன் வளையத்தில் மூன்று கார்பாக்சில் தொகுதிகளைக் கொண்ட டிரைமெசிக் அமிலத்தோடு பின்னும் இச்சட்டகத்தில், பெரிய வெற்றிடங்களின் விட்டம் ஏறக்குறைய 1.3 நானோமீட்டர், அவற்றுக்கிடையிலான சாளரங்கள் 0.9 நானோமீட்டர் அளவே. கெகின் அயனி உள்ளே கச்சிதமாகப் பொருந்தும். வெளியிலிருந்து நுழைய வழியே இல்லை. வழக்கமாக இதை வளர்க்கக் கலனை மூடிச் சூடாக்குவார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் மார்ட்டன்ஸ், கிர்ஷாக் ஆகியோரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், செம்பு உப்போடு கெகின் அமிலத்தையும் கரைத்து, டிரைமெசிக் அமிலக் கரைசலைச் சேர்த்தபோது, அறை வெப்பநிலையிலேயே சட்டகம் உருவாயிற்று. எதிர்மின் சுமை கொண்ட கெகின் அயனியின் மேற்பரப்பில் செம்பு அயனிகள் முன்கூட்டியே வந்து கூடிநிற்பதையும், இணைப்பிகள் வந்ததும் அதே இடத்தில் கூண்டு பின்னப்படுவதையும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையால் அவர்கள் பின்தொடர்ந்தார்கள். எது முதலில் சேர்க்கப்படுகிறது என்ற வரிசைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இங்கேதான் தெரிகிறது. செம்பும் கெகின் அயனியும் முதலில் சந்தித்தால், ஒவ்வோர் அயனியும் தனக்கான கூண்டின் விதையாகிறது.

சீனாவின் சாங்சுன் நகரிலுள்ள வடகிழக்கு நார்மல் பல்கலைக்கழகத்தின் குழு 2009இல் அறிவித்த படிகங்கள் இதே சட்டகத்தை 180 டிகிரியில் வளர்த்துப் பெற்றவை. அவற்றின் எக்ஸ் கதிர் அமைப்பு முழுமையாகத் தீர்க்கப்பட்டிருப்பதால், புரோட்டான் கணக்கை அங்கே ஐயமின்றிப் போட்டுப் பார்க்க முடிகிறது. பெரிய வெற்றிடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் கெகின் அயனி அமர்கிறது. இச்சட்டகத்தின் சுவர்களுக்கு மின்சுமை இல்லாததால் அயனியின் மூன்று எதிர்மின்களையும் வேறு நேர்மின்களே ஈடுசெய்ய வேண்டும். தயாரிப்புக் கலவையிலிருந்த டெட்ராமெத்தில்அம்மோனியம் அயனிகள் கெகின் அயனி ஒன்றுக்கு இரண்டு வீதம் வந்து அடுத்த வெற்றிடங்களில் தங்கிவிடுகின்றன. எஞ்சுவது ஒரே ஒரு புரோட்டான். மூன்று புரோட்டான் அமிலமாகக் கலனில் இடப்பட்டது, ஒரு புரோட்டான் அமிலமாகக் கலனிலிருந்து வெளியே வருகிறது. அப்படியும் அது எஸ்டர்களை நீராற்பகுக்கும் வினையூக்கியாக மறுபடி மறுபடி வேலை செய்தது. அமிலத்தின் துணையால் சட்டகத்துக்கும் நன்மை விளைந்தது: நீராவிக்கு எளிதில் ஆட்படும் எச்கேயுஎஸ்டி-1, கெகின் அயனி உள்ளே இருக்கும்போது அதை மேலும் நன்றாகத் தாங்குகிறது என்று லூவன் குழு பின்னர் காட்டியது.

எல்லாச் சட்டகங்களும் இப்படி ஒத்துழைப்பதில்லை. துத்தநாகமும் மெத்தில்இமிடசோலும் சேர்ந்த ஜிஃப்-8 என்னும் சட்டகத்தின் கூண்டு 1.16 நானோமீட்டர், சாளரம் 0.34 நானோமீட்டர், அடைத்துவைக்க இதைவிடக் குறுகிய வாயில் வேண்டியதில்லை. ஆனால் இமிடசோல் ஒரு காரம். அது நிறைந்த கரைசலில் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் புரோட்டான்களை உடனே இழக்கும். கெகின் அயனியின் வடிவமும் நெடுநேரம் நிற்காது. கரைசலைத் தவிர்த்துத் திண்மங்களை ஒன்றாக அரைத்துச் சட்டகத்தை உருவாக்கும் முறை இந்தச் சிக்கலை ஓரளவு தணிக்கிறது. ஆக்சிஜனேற்றம் போன்ற புரோட்டான் தேவைப்படாத வினைகளுக்கு வேண்டுமானால் ஜிஃப்-8 பயன்படலாம். அமில வினையூக்கத்துக்கு அது ஏற்ற வீடல்ல என்பதே நியாயமான முடிவு. சிர்கோனியச் சட்டகங்களில் இடர் வேறு வழியாக வருகிறது. அவற்றுக்கு வழக்கமான கரைப்பானான டைமெத்தில்ஃபார்மமைடு, சூடாகும்போது நீரோடு வினைபுரிந்து டைமெத்தில்அமீன் என்னும் காரத்தைச் சிறுகச் சிறுக வெளியிடுகிறது. அந்த அமீன் ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானைப் பறித்துக்கொண்டு கூண்டுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். செய்முறையில் எங்கும் காரம் சேர்க்கப்படவில்லை என்பதால், இந்த இழப்பு தயாரிப்பவரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கலனைத் திறந்த பிறகும் தயாரிப்பு முடிந்துவிடவில்லை. சட்டகத்தில் சேராத டெரஃப்தாலிக் அமிலம் மில்-101இன் துளைகளுக்குள்ளும், அவற்றுக்கு வெளியே ஊசிப் படிகங்களாகவும் தேங்கி நிற்கும். அதை நீக்கச் சூடான எத்தனால், டைமெத்தில்ஃபார்மமைடு, அம்மோனியம் ஃபுளோரைடுக் கரைசல் ஆகியவற்றால் கழுவுவது மரபு. வெறும் சட்டகத்துக்கு இவை தீங்கற்றவை. அமிலம் ஏந்திய சட்டகத்துக்கோ, எத்தனால் தளர்வாக நிற்கும் அமிலத்தைக் கரைத்தெடுக்கும், அம்மோனியம் புரோட்டானின் இடத்தைப் பிடிக்கும். கழுவாமல் விட்டால் சாளரங்கள் அடைபட்டிருக்கும். கடுமையாகக் கழுவினால் அமிலம் குறையும். நல்ல ஆய்வகங்கள் மென்மையான கழுவலைப் பலமுறை திரும்பச் செய்து, கழுவிய நீரில் டங்ஸ்டன் வருவது நின்றபின்பே பொருளை ஏற்றுக்கொள்கின்றன.

உலர்த்தும் முறையும் அமிலத்தின் இடத்தை மாற்றக்கூடியது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான என்யு-1000 என்னும் சிர்கோனியச் சட்டகத்தில் 3.1 நானோமீட்டர் அகலமுள்ள அறுகோணக் கால்வாய்களும், அவற்றின் பக்கத்தில் குறுகிய முக்கோணக் கால்வாய்களும் ஓடுகின்றன. ஃபார்ஹா, ஹப் ஆகியோரின் குழு கெகின் வகை அமிலம் ஒன்றை இதில் ஊறவைத்துச் சேர்த்து, மீயுய்ய நிலைக் கார்பன் டைஆக்சைடைக் கொண்டு மென்மையாக உலர்த்தியபோது, அமிலம் அகலமான கால்வாய்களில் இருந்தது. சூடாக்கி உலர்த்தியபோது அது குறுகிய கால்வாய்களுக்குள் இடம்பெயர்ந்தது. சேர்த்த அளவு ஒன்றே, சட்டகமும் ஒன்றே. உலர்த்திய விதம் மாறியதும் வினையின் வேகமும் மாறிற்று. தயாரிப்புக் குறிப்பின் கடைசி வரியில் பெரும்பாலும் அரை வாக்கியத்தில் முடிக்கப்படும் உலர்த்தலுக்கு இது உரிய எச்சரிக்கை.

இவ்வளவும் நடந்த பின், உள்ளே இருப்பது எது, எப்படி இருக்கிறது என்பதை அறிய ஒரே ஓர் அளவீடு போதாது. அகச்சிவப்பு நிறமாலையில் 1080 என்ற அலையெண்ணுக்கு அருகே பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பின் ஒற்றைப் பட்டை தெரிந்தால் கெகின் அயனி முழுமையாக இருக்கிறது. ஒரு டங்ஸ்டன் கழன்றிருந்தால் அந்தப் பட்டை இரண்டாகப் பிளக்கும். பாஸ்பரஸின் காந்த ஒத்ததிர்வு இதைவிடத் துல்லியமானது. ஆனால் குரோமியத்தின் காந்தத்தன்மை அந்தச் சமிக்ஞையைக் கலங்கச்செய்வதால் மில்-101இல் அதை முழுதாக நம்ப முடிவதில்லை. மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனை உறிஞ்சச்செய்து அளக்கும் பரப்பளவு குறைந்திருந்தால் துளைகள் நிறைந்துவிட்டன என்று பொருள்கொள்ளும் பழக்கம் உண்டு. அங்கும் எடையின் கணக்கைக் கழிக்க வேண்டும்: கிராமுக்கு 4000 சதுர மீட்டர் பரப்புடைய சட்டகத்தில் 30 விழுக்காடு அமிலம் ஏறினால், ஒரு கிராம் பொருளில் சட்டகம் 0.7 கிராம்தான், எந்தத் துளையும் அடைபடாமலே பரப்பு 2800 ஆகிவிடும். அதற்குக் கீழே இறங்கிய அளவு மட்டுமே கூண்டுகளின் நெருக்கடியைச் சொல்கிறது. அந்த நெருக்கடி மிகுந்தால், வெளிப்புறக் கூண்டுகளில் அடைந்த அயனிகள் வழியை மறிக்க, உள்ளே உள்ளவை வினைபடு மூலக்கூறுகளைக் காணாமலே இருந்துவிடும். ஆதலால் நிறைய ஏற்றுவதைவிடக் குறைவாக ஏற்றிச் சீராகப் பரப்புவது பெரும்பாலும் சிறந்த வினையூக்கியைத் தருகிறது.

தங்கும் காலத்தைப் பொறுத்தவரை, வெர்சாய்க் குழு இரும்பால் ஆன மில்-100 சட்டகத்தில் கண்ட முடிவு ஊக்கமூட்டுவது. அதன் கூண்டுகள் 2.5, 2.9 நானோமீட்டர் விட்டமுடையவை. ஆனால் பெரிய சாளரமே 0.86 நானோமீட்டர்தான். டங்ஸ்டனுக்குப் பதிலாக மாலிப்டினம் கொண்ட கெகின் அமிலத்தைத் தயாரிப்பின்போதே அதற்குள் அடைத்து நீரில் வைத்தபோது, இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் அமிலம் கசியவில்லை. நீரில் இவ்வளவு எளிதில் கரையும் ஒரு பொருளுக்கு இது அசாதாரணமான கட்டுப்பாடு.

ஆயினும் தூய நீரில் தங்குவது ஒன்று, வினை நடக்கும் சூடான கலவையில் தங்குவது மற்றொன்று. அதைச் சோதிக்க, வினை பாதி நடந்திருக்கும்போது வினையூக்கியை வடிகட்டி நீக்கி, வடிநீரை அதே வெப்பநிலையில் தொடர்ந்து வைத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். வடிகட்டலைச் சூட்டிலேயே செய்ய வேண்டும். ஆறவிட்டால் வெளியே வந்த அமிலம் மறுபடியும் சட்டகத்தில் ஒட்டிக்கொண்டு, கசிவே நடக்கவில்லை என்ற பொய்த் தோற்றத்தைத் தரும். வடிநீரில் வினை நின்றுபோனால் அமிலம் கூண்டுக்குள் இருக்கிறது. தொடர்ந்து நடந்தால், அது வெளியேறியது சாளரத்தின் வழியாகவா, சுவர் இடிந்ததாலா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண வடிநீரில் டங்ஸ்டனை மட்டும் அளந்தால் போதாது, சுவரின் உலோகமான குரோமியத்தையோ செம்பையோ இரும்பையோ கூடவே அளக்க வேண்டும்.